குளத்தடி மணலும் நசுங்கிய படியும்

நீர்த்துறையில் ஒரு மருத மரம். அதன் கிளை தண்ணீரின் மேல் தாழ்ந்து கிடக்கிறது. ஒரு சிறுவன் அதில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைத்துப் பார்க்க, நீர் தெறிக்கக் குதிக்கிறான். ஆழம் வரை போனதற்குச் சாட்சியாக அடிமணலை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வருகிறான். இதைச் சொல்பவர் அந்தச் சிறுவனேதான். ஆனால் இப்போது அவர் கிழவர். கையில் பூண் போட்ட ஊன்றுகோல். இருமலுக்கு நடுவே ஒன்றிரண்டு சொற்கள்தான் வருகின்றன. புறநானூற்றின் 243ஆம் பாட்டு இது. பாட்டில் வரும் அந்த ஊன்றுகோலை வைத்தே பாடியவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வந்தது. பாட்டைக் கையறுநிலைத் துறையில் சேர்த்திருக்கிறார்கள். இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்துவதற்கான துறை அது. தன் இளமையையே இறந்துபோன ஒருவரைப் போல நினைத்து இந்தக் கிழவர் வருந்துகிறார் என்று பாட்டைத் துறைப்படுத்தியவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லும் கிழவர், இன்றைய சிறுவர்களைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இப்போது யார் இப்படிக் குதிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

நம் வீட்டுத் திண்ணையிலும் கல்யாண மண்டபத்திலும் பூங்காப் பெஞ்சிலும் கேட்கும் பேச்சு வேறு மாதிரியானது. “எங்க காலத்துல…” என்று தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் “இந்தக் காலத்துப் பசங்க…” என்று போய் முடிகிறது. ஒரே மூச்சில் வருவதால் இரண்டும் ஒன்று போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை இரண்டு வேறு காரியங்கள். முதலாவது சாட்சியம்: கண்ணால் கண்ட ஒருவர், தான் கண்டதைச் சொல்கிறார். இரண்டாவது அளவை: தன்னிடம் உள்ள படியைக் கொண்டு இன்னொரு தலைமுறையை அளக்கிறார். சாட்சியத்தில் பெரும் மதிப்பு இருக்கிறது. அளக்கும் படியோ அடி நசுங்கிப் போனது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டு ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன.

பழைய நாள்களை எண்ணி ஏங்குவதற்கு மேற்கில் முதலில் கிடைத்தது நோய் என்ற பெயர். 1688இல் பாசல் நகரப் பல்கலைக்கழகத்தில் யோகானஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உருவாக்கினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஊரைவிட்டு வந்த சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஊண் உறக்கம் இன்றி மெலிந்து போவதைக் கண்டு வைத்த பெயர். இருபதாம் நூற்றாண்டின் பாதி வரையிலும்கூட, வயதானவர் பழங்கதை பேசிக்கொண்டிருந்தால் மூளை தளர்ந்துவிட்டது என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் இதை மறுத்தார். முதுமையில் ஒருவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, அவசியமானது, அதற்கு இடம்கொடுக்க வேண்டும் என்றார். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டீன் செடிகிடிஸ் முதலியோர் 2006 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. தனிமை உணர்வு பழைய நினைவைக் கிளறுகிறது. அந்த நினைவு, தனக்கும் மனிதர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள் என்ற தெம்பைத் தருகிறது. மதியம் வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா, பேரன் உள்ளே வந்ததும் கமர்கட்டைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார் என்றால், அவர் தமக்குத் தாமே மருந்து கொடுத்துக்கொள்கிறார். அந்தப் பேச்சை வெட்டுவது மருந்துக் கிண்ணத்தைத் தட்டிவிடுவதற்குச் சமம்.

ஏன் குறிப்பாக இளமைக்காலம்? வாழ்க்கையில் எந்த நினைவு வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று வயதானவர்களைக் கேட்டால், அவர்கள் சொல்லும் நினைவுகள் ஏறக்குறைய 10 முதல் 30 வயது வரையான காலத்தில் குவிகின்றன. டேவிட் ரூபினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986இல் இந்த மேட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். முதல் சைக்கிள், முதல் வேலை, முதல் சம்பளம், முதல் சாவு எல்லாம் நடக்கும் பருவம் அது. நான் இன்னார் என்று ஒருவர் தம்மை வனைந்துகொள்ளும் பருவமும் அதுவே. 1950இல் பிறந்த தமிழர் ஒருவருக்கு இந்த மேடு 1960க்கும் 1980க்கும் இடையில் விழுகிறது. மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த டூரிங் டாக்கீஸ், இரவில் விட்டுவிட்டுக் கேட்ட இலங்கை வானொலி, கிட்டிப்புள், பச்சைக்குதிரை, தெப்பக்குளத்து நீச்சல். அவர் பிள்ளைக்கு அந்த மேடு வேறோர் இடத்தில் இருக்கிறது. தூர்தர்ஷனின் ஒளியும் ஒலியும், வாடகை சைக்கிள், நடராஜா பென்சில். ஒவ்வொருவரும் தம் மேட்டின் மேல் நின்றுகொண்டு, பொற்காலம் இங்கேதான் இருந்தது என்று சொல்கிறார்கள்.

சாட்சியத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம். இடங்களைப் பற்றியும் பொருள்களைப் பற்றியும் பெரியவர்கள் சொல்வதில் பெரும்பகுதி அப்படியே உண்மை. “இங்கே ஒரு ஏரி இருந்தது” என்று சென்னைக்காரர் ஒருவரின் பாட்டனார் சொல்லியிருந்தால், இருந்தது. இன்றைய தியாகராய நகர், 1920களில் மாம்பலம் பெரிய ஏரியைத் தூர்த்து உருவான குடியிருப்பு. ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் பேருந்து நிலையத்துக்கோ அரசு அலுவலகத்துக்கோ அடியில் ஒரு குளமோ கண்மாயோ படுத்திருக்கிறது. ஆற்றில் இடுப்பளவு மணல் இருந்தது, கோடையில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம் என்பதும் மிகையில்லை. மணல் லாரிகளில் ஏறிப் போனதை நாமே பார்த்தோம். பிள்ளைகள் வெயிலில் ஆடுவது குறைந்துவிட்டது என்ற கவலைக்கும் மருத்துவத்தின் ஆதரவு இருக்கிறது. வெளியில், பகல் வெளிச்சத்தில் கழியும் நேரம் கூடினால் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. தைவான் 2010இல் பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருக்கவேண்டும் என்று திட்டம் வகுத்தது. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாட்டின் விகிதம் அதன்பிறகு இறங்கத் தொடங்கியது. “தெருவுக்குப் போய் விளையாடு” என்று பாட்டி சொல்வது கண் மருத்துவர் சொல்வதும்தான். ஆனால் அந்தத் தெருவைக் காருக்கும் பைக்குக்கும் கொடுத்துவிட்டவர்கள் பிள்ளைகள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அதே சாட்சியத்தில் விடுபடுவதும் உண்டு. 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அந்த எண்ணிக்கை 13. தப்பிப் பிழைத்தவர்கள்தாம் இன்று பழைய கதை சொல்கிறார்கள். இறந்த குழந்தைகளுக்கு அந்தக் காலம் இந்தக் காலம் என்று இரண்டு இல்லை. “அப்ப எங்களுக்கு ஒரு நோயும் வந்ததில்ல” என்ற வாக்கியத்தை நாம் பிழைத்தவர்களின் வாயிலிருந்து மட்டுமே கேட்கிறோம். 1975 வரை இந்தியாவில் பெரியம்மை இருந்தது. இறங்கித் தண்ணீர் மொள்ளும் படிக்கிணறுகள் வழியாக நரம்புச் சிலந்தி நோய் பரவியது. அது தமிழ்நாட்டிலிருந்து 1980களின் தொடக்கத்திலும் இந்தியாவிலிருந்து 1996இலும்தான் ஒழிந்தது. 1960களின் நடுவில் அரிசி கிடைக்காமல் வரிசையில் நின்றதும் அமெரிக்கக் கோதுமையைக் கிண்டித் தின்றதும் அந்தக் காலம்தான். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் அவ்வளவு பெரிய பேச்சானதற்குக் காரணம் பசி.

யார் நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பழைய ஊரின் நிறமும் மாறிவிடுகிறது. குளத்தில் குதித்து விளையாடிய கதையைச் சொல்ல, முதலில் அந்தக் குளத்தில் இறங்கும் உரிமை இருந்திருக்க வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் ஒரு சிறுமி, ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலவுடைமையாளரிடம் கொடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள். காரணத்தை அண்ணன் சொன்னதும் சிரிப்பு ஆத்திரமாகிறது. இளையான்குடிப் பகுதியில் வளர்ந்த கே. ஏ. குணசேகரன் தம் இளமைக்கால வரலாற்றுக்கு வைத்த பெயர் ‘வடு’. இந்த இரண்டு நூல்களிலும் விளையாட்டும் சிரிப்பும் நிறையவே இருக்கின்றன. அந்த நாளுக்குத் திரும்பிப் போகும் ஆசை மட்டும் இல்லை. பெண்களின் கதையும் அப்படித்தான். 1971இல் தமிழ்நாட்டுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. 2011இல் 73 விழுக்காட்டினருக்குத் தெரிந்திருந்தது. தம்பி பம்பரம் விட்ட மதிய வேளைகளில் அக்கா தண்ணீர் சுமந்தாள். அல்லது வயதுக்கு வந்துவிட்டாள் என்று படிப்பை நிறுத்தியிருந்தார்கள். ஒரே வீட்டின் ஒரே ஆண்டு இருவருக்கும் இரண்டு விதமாக நினைவில் நிற்கிறது. தாத்தாவிடம் கேட்பவர்கள் பாட்டியிடமும் தனியாகக் கேட்பது நல்லது.

ஏக்கம், கஷ்டம் இரண்டையும் மறைக்காமல் எழுதியவர் உ. வே. சாமிநாதையர். 1940 தொடக்கத்தில், 84 வயதில், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறையும் வரை தொடர்ந்தது. தொடக்கத்திலேயே தம் சொந்த ஊரான உத்தமதானபுரத்தைப் பற்றிச் சொல்கிறார். ரயில் வண்டியும் சாலையும் வராத அந்த ஊரின் அழகையும் அமைதியையும் நினைத்து உருகுகிறார். அதே நூலில், மகனைப் படிக்கவைக்க இடம் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்த தந்தையின் வறுமையும் ஒளிவில்லாமல் வருகிறது. ஏக்கம் ஏக்கமாகவும் கஷ்டம் கஷ்டமாகவும் பதிவாகியிருப்பதால்தான், எண்பது ஆண்டுகள் கழிந்தும் அதைச் சமூக வரலாற்று ஆவணமாகப் படிக்கிறோம்.

இனி இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். இளையவர்கள் கெட்டுவிட்டார்கள் என்ற தீர்ப்பு எல்லாக் காலத்திலும் ஒலித்திருக்கிறது. பிள்ளைகள் சொகுசு விரும்பிகளாகிவிட்டார்கள், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பதில்லை என்று சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு மேற்கோள் சுற்றி வருகிறது. சாக்ரடீஸ் அப்படிச் சொல்லவில்லை. பழங்கால கிரேக்கத்தில் இளைஞர்கள் மேல் சொல்லப்பட்ட குறைகளை கென்னத் ஜான் ஃப்ரீமன் தொகுத்து எழுதிய வாசகம் அது. கேம்பிரிட்ஜ் மாணவரான அவரது ஆய்வு 1907இல் நூலாக வந்தது. உண்மையாகவே சாக்ரடீஸின் வாயில் பிளேட்டோ வைத்த குறை இன்னும் சுவையானது. எழுத்து வந்துவிட்டால் மனிதர்கள் நினைவாற்றலை இழப்பார்கள் என்று ‘ஃபைட்ரஸ்’ உரையாடலில் வரும் பழைய மன்னன் எச்சரிக்கிறான். இன்று கைப்பேசியைப் பற்றிச் சொல்வதை அன்று ஏட்டைப் பற்றிச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டிலேயே இதைவிடத் துலக்கமான சான்று உண்டு. வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஒரு நூலுக்குப் பெயரே ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தபோது அது உண்டாக்கிய பதற்றத்தை அவர் விவரிக்கிறார். பழையசோறு போய் காப்பி வந்தது குடும்ப ஒழுக்கத்தின் சரிவாகப் பேசப்பட்டது. குறிப்பாகப் பெண்கள் அதற்கு அடிமையாகிவிட்டார்கள் என்று கவலைப்பட்டார்கள். நாவல்களுக்கும் அதே வரவேற்புதான். அவருடைய ‘நாவலும் வாசிப்பும்’ அந்தக் கதையைச் சொல்கிறது. நாவல் படித்து இளைஞர்களும் பெண்களும் கெட்டுப்போகிறார்கள் என்று அன்றைய பெரியவர்கள் எழுதினார்கள். நூறாண்டு கழித்துப் பித்தளை டபராவில் நுரைக்கும் காப்பி, தாத்தா வீட்டு நினைவின் சின்னமாகிவிட்டது. பிள்ளைகள் நாவலே படிப்பதில்லை என்று இன்றைய பெரியவர்கள் வருந்துகிறார்கள். குற்றப்பத்திரிகையில் பொருள் மாறியிருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவரின் வயது மாறவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு இப்போது ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ஜான் புரோட்ஸ்கோவும் ஜொனாதன் ஸ்கூலரும் அமெரிக்கர்களிடம் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதிகாரத்துக்குக் கட்டுப்படும் இயல்புடையவர்கள் இன்றைய பிள்ளைகளுக்கு மரியாதை குறைந்துவிட்டது என்றார்கள். அறிவுத்தேர்வில் மேலாக வந்தவர்கள் அறிவு குறைந்துவிட்டது என்றார்கள். நிறையப் படித்தவர்கள் வாசிப்பு குறைந்துவிட்டது என்றார்கள். ஒவ்வொருவரும் தாம் எதில் தேர்ந்தவரோ அதிலேயே பிள்ளைகளிடம் குறை கண்டார்கள். காரணம், இன்று தாம் இருக்கும் நிலையை அன்றைய சிறுவர்கள்மேல் ஏற்றி நினைப்பது. அறுபது ஆண்டு வாசித்துப் பழகிய இன்றைய மனிதரைப் பேரனுக்கு எதிரே நிறுத்துகிறோம். பேரனுக்கு எதிரே நிற்கவேண்டியவர், பாடப்புத்தகத்துக்குள் சினிமாப் பாட்டுப் புத்தகத்தை மறைத்துவைத்த அந்தப் பதினாலு வயதுப் பையன். ஆய்வாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். உங்கள் வாசிப்பறிவு சராசரிக்குக் கீழே என்று சிலரிடம் சொன்னபோது, பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிய அவர்கள் குறையும் இறங்கியது. அளக்கும் படி நசுங்கியிருப்பது இந்த இடத்தில்தான்.

2023இல் ஆடம் மாஸ்ட்ரோயானியும் டேனியல் கில்பர்ட்டும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. 1949 முதல் 2019 வரை அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்புகளோடு பிற நாடுகளில் எடுத்தவற்றையும் சேர்த்து, ஏறக்குறைய 60 நாடுகளின் தரவுகளை அவர்கள் தொகுத்தார்கள். மனிதர்களின் நற்குணம் குறைந்துகொண்டே வருகிறது என்ற எண்ணம் எழுபது ஆண்டுகளாக எங்கும் இருக்கிறது. ஆனால் உங்களைச் சுற்றியுள்ளவர்கள் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டபோது, ஆண்டுக்கு ஆண்டு கிடைத்த விடையில் சரிவே இல்லை. கெட்ட செய்தியே கண்ணில் அதிகம் படுகிறது. பழைய கெட்ட நினைவின் காரமோ நல்ல நினைவின் இனிப்பைவிட விரைவில் குறைகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால், நிகழ்காலம் இருட்டாகவும் இறந்தகாலம் வெளிச்சமாகவும் தெரியும். ஒழுக்கச் சரிவு தாங்கள் பிறந்த பிறகே தொடங்கியதாகப் பதில் சொன்னவர்கள் நினைத்தார்கள் என்பதும் இதில் வெளிப்பட்டது.

பொறுமையை எடுத்துக்கொள்வோம். ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவோம் என்று குழந்தைகளைச் சோதிக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் உருவாக்கினார். ஐம்பது ஆண்டுத் தரவுகளைப் புரோட்ஸ்கோ ஒப்பிட்டார். இன்றைய குழந்தைகள் காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கும் என்று துறை வல்லுநர்களிலேயே பாதிப்பேர் ஊகித்தார்கள். கூடியிருந்தது.

நம் ஊரில் மிகவும் வலிக்கும் குற்றச்சாட்டு வேறு. அந்தக் காலத்தில் பெற்றோரைத் தெய்வமாக வைத்திருந்தார்கள், இப்போது கைவிடுகிறார்கள் என்பது. கைவிடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் தேவைப்பட்டதே அதற்குச் சான்று. அந்தத் துயரத்தைச் சிறிதும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ‘அந்தக் கால’த்துக்குள்ளேயே தலைக்கூத்தலும் இருந்தது. தென்மாவட்டங்களில், படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் வழக்கம் அது. ‘பாரம்’ திரைப்படம் அதைத்தான் காட்டியது. இன்னொன்றையும் நினைக்கவேண்டும். 1961இல் இந்தியாவில் 60 வயது கடந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. தெருவுக்கு ஓரிரண்டு கிழவர்கள் இருந்தார்கள், பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 60 வயது கடந்தவர்கள் 13.6 விழுக்காடு. நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம். வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான், அவர்களும் வேலை தேடி ஓசூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2017-18இல் நாடு முழுதும் நடந்த முதுமை ஆய்வில் தனியாக வாழ்வதாகச் சொன்ன முதியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். சுமை பல மடங்கு ஆகியிருக்கிறது. அதைச் சுமப்பவர்களைப் பாசம் இல்லாதவர்கள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது நியாயமாகாது.

இந்தப் பழக்கம் கிழவர்களுக்கு மட்டும் உரியதென்றும் நினைக்க வேண்டாம். ‘90ஸ் கிட்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொள்பவர்களுக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனாலும் தேன்மிட்டாயையும் கேசட்டையும் சொல்லிச் சொல்லி ஏங்குகிறார்கள். ‘2கே கிட்ஸ்’ பொறுமையற்றவர்கள், உறவுகளின் அருமை அறியாதவர்கள் என்கிறார்கள். ‘ஆட்டோகிராப்’ 2004இலும் ‘96’ 2018இலும் பெற்ற வெற்றி, ஏக்கத்துக்கு முப்பது வயதே போதும் என்று காட்டியது.

தவறான தீர்ப்பால் வரும் இழப்பு பெரிது. “இந்தக் காலத்துப் பசங்க” என்ற மூன்று சொல் விழுந்ததும் இளையவரின் காது மூடிக்கொள்கிறது. கூடவே அந்தக் குளமும் வெளியே நின்றுவிடுகிறது. தூர்ந்த ஏரியை மீட்க இறங்கும் இளைஞர்களுக்கு, வரத்துக்கால் எந்த வழியாக வந்தது, மடை எங்கே இருந்தது, எந்த ஆண்டு கரை உடைந்தது என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் எண்பது வயதுக்காரர் ஒருவர்தான். புல எண் வரைபடத்தில் இல்லாத செய்திகள் அவரிடம் உண்டு. தம் பிள்ளைகள் தம்மைவிட அறிவுடையவர்களாக இருப்பது உலகுக்கே இன்பம் என்று திருவள்ளுவர் 68ஆம் குறளில் சொன்னதைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டால், அந்தச் செய்திகள் கேட்பாரைப் போய்ச் சேரும்.

இளையவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பழகிய விடைதான் வரும். குளத்தின் பெயர் என்ன, அதில் யாரெல்லாம் குளித்தார்கள், யாருக்கு அனுமதி இல்லை என்று கேளுங்கள். பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், கூடப் பிறந்தவர்களில் எத்தனை பேர் தங்கவில்லை, உங்கள் அப்பா உங்களை என்ன சொல்லித் திட்டினார் என்று கேளுங்கள். 1950க்கு முன் பிறந்தவர்கள் எல்லாருக்கும் 75 வயது கடந்துவிட்டது. இந்தக் கோடை விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.